சிரிக்க வச்சவங்க பேரைச் சொல்லுங்க

இரண்டாங்கட்டு (காரைக்குடி)

எங்க அப்பச்சிக்கு (அப்பாவை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) வயசு 79. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் குளறல். வீட்டு முகப்புல உட்கார்ந்து ஊருக்கே பஞ்சாயத்துப் பேசின மனுசர் இப்ப உள்ளே இரண்டாங்கட்டுல கட்டிலோட கிடக்காக. மத்தியானம் கஞ்சி குடிச்சதும் டிவியில பழைய காமெடி போட்டுவிடணும். அது ஒண்ணைத்தான் வாய்விட்டுக் கேட்பாக.

நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர் இறந்த மறுநாள், 2025 செப்டம்பர் 19, எந்தச் சேனலைத் திருப்பினாலும் அவர் முகம்தான். அப்பச்சியால தாங்க முடியலை, மாத்தச் சொன்னாக. மாத்தினா ஒரு பழைய படம். ஜனகராஜ் இன்ஸ்பெக்டர். பக்கத்துல ஒரு கான்ஸ்டபிள், இன்ஸ்பெக்டர் எது சொன்னாலும் வாய் பிளந்து அதிசயப்படுறவர். அப்பச்சி இடது கையை நீட்டி, "இவன் பேரு?"ன்னு கேட்டாக. மூணு தடவை கேட்டாக. எனக்குத் தெரியலை.

சின்னப் பிள்ளையில இருந்து அந்த முகத்தைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன். எங்க வளவுல (வீட்டு உள்முற்றத்துல) கல்யாணத்துக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டப்ப, நாப்பது பேரு ஒண்ணா உருண்டு சிரிச்சது அந்தக் கான்ஸ்டபிளைப் பார்த்துத்தான். அவ்வளவு வாங்கிக்கிட்டு, அந்த மனுசர் பேரைக்கூடத் தெரிஞ்சுக்காம இருந்திருக்கேனேன்னு அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரலை.

அதான் இந்த இழை. கொஞ்ச வருசமா நம்மளைச் சிரிக்க வச்ச நடிகருங்க வரிசையாப் போய்க்கிட்டே இருக்காங்க. ஒரு பேரு, அதோட உங்க வீட்டுலயோ தெருவுலயோ அவரால நடந்த ஒண்ணு. துணுக்கு வீடியோ, மீம் வேண்டாம். எழுதுங்க.

நான் ரோபோ சங்கர் பேரைச் சொல்றேன். 46 வயசு, என்னைவிட ஒரு வயசு சின்னவர். மதுரைக்காரர். உடம்பெல்லாம் வெள்ளிச் சாயத்தைப் பூசிக்கிட்டு எந்திர மனுசன் மாதிரி மேடையில ஆடினதுலதான் அந்த 'ரோபோ' ஒட்டிக்கிச்சு. அந்த மாதிரி சாயம் பூசி ஆடுற பையன்களை மீனாட்சிபுரம் மாசிப் பங்குனித் திருவிழாவுல நிறையப் பார்த்திருக்கேன். பாட்டு முடிஞ்சதும் மேடைக்குப் பின்னால தகரக் கொட்டகையில உட்கார்ந்து, கண்ணைச் சுத்தித் தேய்ச்சுத் தேய்ச்சுச் சாயத்தை எடுப்பாங்க. தோல் செவந்து போயிருக்கும். அவர் டிவியில வர்றப்பல்லாம் எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும்.

புதுவயல் நெல்லு (புதுவயல்)

அண்ணே, அவர் ஆர்.எஸ்.சிவாஜி. படம் 'அபூர்வ சகோதரர்கள்', 1989. சந்தான பாரதியோட கூடப்பிறந்தவர். 2023 செப்டம்பர் 2ல இறந்துட்டார். இப்பவே போய் அப்பச்சிட்டச் சொல்லுங்க.

நான் சொல்ல வந்த பேரு மயில்சாமி. எங்க சித்தப்பாவுக்கு நெல்லு மில்லு. நான் பள்ளிக்கூடம் விட்டு நேரா அங்கதான் போவேன். பாய்லர் பக்கத்துல ஒரு டேப் ரெக்கார்டர், மேல முழுக்கத் தவிடு படிஞ்சு கிடக்கும். அதுல மயில்சாமியும் லட்சுமணனும் பேசுன 'சிரிப்போ சிரிப்பு' கேசட் ஓடிக்கிட்டே இருக்கும். முகமே தெரியாது, குரல் மட்டும்தான். ஒரே ஆளு பத்து நடிகர் மாதிரிப் பேசுவார். களத்துல நெல்லைக் காலால கிளறி விடுற அக்காமாரெல்லாம் வேலைக்கு நடுவுலயே அடுத்த வரியை முன்கூட்டிச் சொல்லிருவாங்க. அவ்வளவு தடவை ஓடியிருக்கு.

பின்னாடி படத்துல வந்தப்ப, குரலைக் கேட்டதும், "அட நம்ம கேசட்டு ஆளு!"ன்னு மில்லே கத்துச்சு. 'தூள்' படத்துல விவேக்கும் அவரும் சேர்ந்து வர்ற இடத்தை எங்க மில்லுல இன்னிக்கும் யாராவது ஒருத்தர் நடிச்சுக் காட்டாம ஒரு வாரம் போகாது.

2023 சிவராத்திரி. அவர் ராத்திரியெல்லாம் கோயில்ல இருந்துட்டு, பிப்ரவரி 19 விடியக்காலம் போய்ச் சேர்ந்தார். நாங்களும் அன்னிக்குக் கண் முழிச்சுட்டுத்தான் வந்திருந்தோம். எங்க அம்மா சொன்னது இதுதான்: "சிவராத்திரி விடியல்ல போறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்டா." கையில இருக்குறதை யார் கேட்டாலும் கொடுத்துருவார்னு கூட நடிச்ச எல்லாரும் சொன்னாங்க. எம்.ஜி.ஆர். பேரைச் சொல்லியே வாழ்ந்தவர், அப்படித்தானே இருப்பார்.

கண்டனூர் மருமகள் (கண்டனூர்)

விவேக்.

2021 ஏப்ரல் 15ஆம் தேதி, மக்களுக்குப் பயம் போகணும்னு அரசு மருத்துவமனையில போய் எல்லாரும் பார்க்கக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கிட்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி விடியக்காலை போயிட்டார். இதயத்துக்குப் போற முக்கியக் குழாய் ஒண்ணு முழுசா அடைச்சிருந்துச்சுன்னு டாக்டர்கள் அப்பவே சொன்னாங்க. ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லைன்னு அந்த வருசக் கடைசியில மத்தியக் குழுவும் சொல்லிருச்சு. ஆனா எங்க தெருவுல வாட்ஸ்அப்புல வந்தது வேற. என் மாமியார் ஊசி போட மாட்டேன்னு ஒரே பிடிவாதம். "நல்லவுகளையே கொண்டு போயிருச்சு, நான் எம்மாத்திரம்"னு அழுதாக. மே மாசம் எங்க தெருவுல மட்டும் மூணு பேரைத் தூக்கினோம். எனக்கு அதுல தீராத வருத்தம். ஜனங்களுக்கு நல்லது நடக்கணும்னு கையை நீட்டின மனுசனையே காரணம் காட்டி ஜனங்க பயந்துட்டாங்களே. மாமியாரை ஜூன்லதான் ஒருவழியாச் சம்மதிக்க வச்சேன்.

அதே வருசம் எங்க பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் சேர்ந்து அவர் பேரைச் சொல்லிப் பதினொரு வேப்பங்கன்னு வச்சோம். அப்துல் கலாம் சொன்னாருன்னு ஒரு கோடி மரம் நடக் கிளம்பி, 33 லட்சத்துக்கு மேல நட்டுட்டுப் போனவர் அவர். 2015ல பதிமூணு வயசு மகனைப் பறிகொடுத்தார். அதுக்கப்புறமும் கன்னு நட்டார், நம்மளைச் சிரிக்கவும் வச்சார். அந்த நெஞ்சுரம் எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னும் எனக்கு விளங்கலை.

நம்ம ஊர் வறட்சி தெரியும்ல. சீமைக்கருவேலத்தைத் தவிர எதுவும் தானா வராது. பதினொண்ணுல ஏழு பிழைச்சிருக்கு. ஊருணிக்கரையில ரெண்டாள் உயரம் நிக்குது.

பொட்டல்காற்று (கோட்டையூர்)

எல்லாரும் நெகிழ்ந்து எழுதுறீங்க, அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. ஆனாலும் சொல்லணும்.

நான் கறுப்பு. பத்தாவது படிச்சப்ப வந்த படங்களை நினைச்சுப் பாருங்க. கறுப்பா, பல்லு எடுப்பா ஒரு பொண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவாங்க. நாயகனோட நண்பன் அலறிக்கிட்டு ஓடுவான். கொட்டகையே சிரிக்கும். எங்க வீட்டுலயும் சிரிச்சாங்க, பக்கத்துல நான் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை வகுப்புல அந்தப் பொண்ணோட பேரு எனக்கு வந்து சேர்ந்துருச்சு. பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் அந்தப் பேர்தான்.

இப்ப நான் டீச்சர். போன வாரம் ஏழாம் வகுப்புல ஒரு பையனை அவன் உடம்பை வச்சுக் கூப்பிட்டாங்க. அதுவும் ஒரு காமெடியில வந்த பேருதான். போனவங்க மேல எனக்குக் கோபமில்லை. விவேக் இறந்தப்ப நானும் அழுதேன். நினைச்சுப் பார்க்கிறதுன்னா இதையும் சேர்த்துத்தான் நினைக்கணும்.

இரண்டாங்கட்டு (காரைக்குடி)

@பொட்டல்காற்று, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அந்தக் கொட்டகையில சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். மன்னிச்சுக்கங்க. இந்தப் பதிவு இங்கயே இருக்கட்டும், யாரும் நீக்க வேண்டாம்.

கண்டனூர் மருமகள் (கண்டனூர்)

பொட்டல்காற்று தங்கச்சி, நானும் ஒண்ணு சொல்றேன். சாதி, மூடநம்பிக்கை, வரதட்சணைன்னு விவேக் கேட்ட கேள்விதான் எங்க வீட்டுல முதல்ல எங்க மாமனார் வாயை அடைச்சுச்சு. அதையும் அவர்தான் செஞ்சார், நீங்க சொன்ன மாதிரியான காட்சியிலயும் அவர் வந்திருக்கார். ரெண்டும் உண்மை. ஒண்ணால இன்னொண்ணை அழிக்க எனக்குத் தெரியலை.

ஆர்மோனியப்பெட்டி (காரைக்குடி – புதுக்கோட்டைச் சாலை)

தம்பி, தங்கச்சிகளுக்கு வணக்கம். எனக்கு 63 வயசு. முப்பத்தெட்டு வருசமா இசை நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சுப் பின்பாட்டுப் பாடுறேன். சினிமாவைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. சிரிக்க வைக்கிறவனைப் பக்கத்துல இருந்து பார்த்தவன்கிற தகுதியில எழுதுறேன்.

நம்ம பக்கம் மாசி பிறந்தா ஆடி வரைக்கும் ஊருக்கு ஊர் 'வள்ளி திருமணம்' இருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதை. ராத்திரி பத்து மணிக்கு மேல நாங்க பெட்டியையும் மிருதங்கத்தையும் சுதி சேர்ப்போம். முதல்ல மேடைக்கு வர்றது முருகனும் இல்லை, வள்ளியும் இல்லை, பபூன்தான். திரைக்குப் பின்னால இருந்து அவன் பாட்டு எடுக்குறப்ப ஜனம் இன்னும் உட்கார்ந்திருக்காது. பொட்டல்ல பாய் விரிச்சுக்கிட்டு இருக்கும், பிள்ளைகள் பலூனுக்கு அழும், ஓரத்துல நாலு பேரு குடிச்சுட்டுச் சத்தம் போடுவான். அத்தனையையும் ஒத்தை ஆளா அடக்கி உட்கார வைக்கணும். அப்புறம் 'டான்ஸ்'னு நாங்க சொல்ற ஆட்டக்காரி வருவா, பபூனுக்கும் அவளுக்கும் தர்க்கம் நடக்கும். அதை நடுராத்திரி தாண்டி இழுத்துட்டுப் போய், கதாநாயக வேசம் கட்டுற ராஜபார்ட் கையில கொடுக்கணும். விடியக்காலம் நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்றதைத்தான் எல்லாரும் பெருசாப் பேசுவாங்க. ஆனா அதுவரைக்கும் ஜனத்தைக் கலையாம வச்சிருந்தவன் பபூன்.

இன்னொரு வேலையும் அவனுக்குத்தான். யாராவது அம்பது, நூறுன்னு அன்பளிப்புக் கொடுத்தா அந்தப் பேரை மேடையில சொல்லணும். ஒரு பேரை விட்டாலும் ஊர்ல சண்டை வந்துரும். ராத்திரி முழுக்க அடுத்தவன் பேரைச் சொல்லிக்கிட்டே இருப்பான். விடிஞ்சு வேனில ஏறுறப்ப, "பபூன் நல்லா இருந்துச்சுப்பா"ன்னுதான் ஊர் சொல்லும். அவன் பேரு என்னன்னு ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இரண்டாங்கட்டுத் தம்பி எழுதினதைப் படிச்சதும் எனக்கு அதுதான் நெஞ்சுல பட்டுச்சு.

என் கூடப் பதினாறு வருசம் வந்த பபூன் ஒருத்தர் இருந்தார். அவர் ஆத்தா இறந்த தகவல் பதினொரு மணிக்கு வந்துச்சு. நாடகம் பாதியில. "அண்ணே, பெட்டிச் சுதியை ஒரு கட்டை ஏத்தி வைங்க, குரல் இறங்குற மாதிரி இருக்கு"ன்னு மட்டும் என்கிட்டச் சொன்னார். பன்னிரண்டரை வரைக்கும் ஜனத்தைச் சிரிக்க வச்சுட்டு, ஒப்பனையைக் கலைக்காம பைக்ல ஏறிப் போனார். ஏத்தின கட்டையில வாசிச்சது நான்தான். அவர் குரல் ஒரு இடத்துலகூட இறங்கலை. 2020லயும் 2021லயும் கொரோனாவால ரெண்டு சீசனும் போயிருச்சு. அட்வான்சைத் திருப்பிக் கொடுக்கக்கூட வழியில்லாம இருந்தார். அந்த ரெண்டாவது வருசமே போயிட்டார். டிவியில போடலை, பேப்பர்லயும் வரலை.

கலைவாணரே டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில இருந்து போனவர்தான். விவேக்கை சின்னக் கலைவாணர்னு சொன்னாங்கன்னா, அந்தப் பேரோட வேரு நாடகக் கொட்டகையில இருக்கு.

ரஸ்தா (தேவகோட்டை ரஸ்தா)

ஆர்மோனியப்பெட்டி ஐயாவின் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

வேரைப் பற்றிப் பேச்சு வந்ததால் நம் மண்ணுக்குரிய ஒரு செய்தி. காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் 1940களில் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில்தான் கொட்டகை போட்டுப் படப்பிடிப்புத் தளம் அமைத்தார். 'நாம் இருவர்' இங்கே உருவாகி 1947இல் வந்தது. அதில் நடித்த டி.ஆர்.ராமச்சந்திரன் அந்தக் காலத்துச் சிரிப்புக்கே அடையாளம். அவருடைய பெரிய கண்கள் இரண்டும் அகல விரிந்தால் போதும், வசனமே வேண்டாம் என்பார் என் தகப்பனார். 'சபாபதி'யையும் இங்கே எடுத்ததாகச் சிலர் சொல்வதுண்டு, அது தவறு. அந்தப் படம் 1941இல் வந்தது, இந்தத் தளம் அதற்குப் பிறகு அமைந்தது. அதில் வேலைக்காரராக வந்த காளி என்.ரத்தினமும் நாடக மேடையிலிருந்து வந்தவர்தான்.

என் தகப்பனார் சிறுவனாக அந்தக் கொட்டகை வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே விடமாட்டார்கள். உள்ளேயிருந்து வேலைக்காரர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டால், "இன்னைக்கு ராமச்சந்திரன் வந்திருக்காரு" என்று வெளியே நிற்கும் பையன்கள் தெரிந்துகொள்வார்களாம்.

பள்ளத்தூர்ப் பேத்தி (பள்ளத்தூர், இப்போது திருச்சி)

சமீபத்துல போனவங்களைப் பத்தின இழைதான், தெரியுது. இருந்தாலும் எங்க ஊர்க்காரி பேரு வராம இது முடியக்கூடாது. ஆச்சி மனோரமா போனது 2015 அக்டோபர் 10.

பிறந்தது மன்னார்குடி. அப்பா கைவிட்ட பிறகு கைக்குழந்தையோட அவங்க அம்மா பிழைக்க வந்த இடம் பள்ளத்தூர். பெரிய வீடுகள்ல வேலை பார்த்துத்தான் பிள்ளையை வளர்த்தாங்க. இதை ஆச்சி எங்கயும் மறைச்சதில்லை. கோபிசாந்தாங்கிற பொண்ணு நாடக மேடையேறி 'பள்ளத்தூர் பாப்பா' ஆச்சு, அப்புறம் மனோரமா ஆச்சு. எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழுவில நடிச்சாங்க. 1958ல கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை'யில சிரிப்பு வேடம் கொடுத்தார். கதாநாயகியா நடிச்சா கொஞ்ச வருசத்துல ஒதுக்கிருவாங்க, சிரிக்க வச்சா கடைசி வரைக்கும் நிக்கலாம்னு அவர்தான் எடுத்துச் சொன்னார்னு ஆச்சியே பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. சிறுகூடல்பட்டிக்காரர் வாக்குப் பலிச்சுருச்சு. ஆயிரம் படத்துக்கு மேல.

எங்க அப்பத்தா ஒரு விஷயம் சொல்லும். நம்ம பக்கம் 'ஆச்சி'ங்கிறது சும்மா கூப்பிடுற சொல்லு இல்லை. நகரத்தார் வீட்டுல மூத்தவளுக்கு, வீட்டைக் கட்டி ஆளுறவளுக்குக் கொடுக்குற மரியாதை. அந்த வீடுகள்ல பாத்திரம் தேய்ச்சவ மகளை ஒரு நாடே 'ஆச்சி'ன்னு கூப்பிட்டுச்சு. "இதைவிட ஒருத்தி என்னடி சம்பாதிக்கணும்?"னு கேட்கும் அப்பத்தா. சொல்றப்பல்லாம் கண்ணு கலங்கிரும். அப்பத்தாவும் சின்ன வயசுல ஒரு பெரிய வீட்டு இரண்டாங்கட்டுல பணியாரச் சட்டி முன்னால உட்கார்ந்து வளர்ந்தவதான்.

'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணியைப் பார்த்துச் சிரிக்காதவங்க யாரு? நான் இப்ப பார்த்தா முதல்ல சிரிக்கிறேன், அப்புறம் தொண்டை அடைக்குது. ஊர் ஊராப் போய் ஆடிப் பிழைக்கிற ஒருத்தி. அவ தனிமையைக் காட்ட ஆச்சிக்கு அந்த நாகஸ்வரக்காரர் முன்னால நிக்கிற ஒரு நிமிசம் போதும். மேடையில பட்டது அத்தனையும் அந்த ஒரு நிமிசத்துல இருக்கு. பொட்டல்காற்று அக்கா சொன்னது சரிதான், அழகை வச்சுக் கேலி பண்ற காட்சி ஆச்சி நடிச்சதுலயும் உண்டு. ஆனா ஆச்சி முகத்தைப் பார்த்துச் சிரிச்சு முடிச்சதும் அந்தப் பொம்பளை மேல நமக்கு ஒரு பாசம் வந்துரும். எல்லாராலயும் அது முடியலை.

வான்படை ஓய்வு (திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

டெல்லி கணேஷ். 1964ல இருந்து பத்து வருசம் இந்திய விமானப்படையில இருந்தவர். டெல்லியில நாடகம் போட்டதால பாலசந்தர் வச்ச பேரு அது. சொந்த ஊர் வல்லநாடு. 2024 நவம்பர் 9 ராத்திரி, எண்பது வயசுல போனார்.

நானும் விமானப்படை. வடக்கே குளிர்ல முகாம்ல கிடந்தப்ப, தமிழ்ப் பையன்க ஆறு பேரு ஒரு சின்ன டிவியில 'மைக்கேல் மதன காம ராஜன்' பார்த்தோம். பாலக்காட்டுத் தமிழ் பேசுற சமையல்காரரா அவர் வந்ததும், "இவரு நம்ம ஆளுடா, யூனிபாரம் போட்டவரு"ன்னு ஒருத்தன் சொன்னான். அன்னிக்கு அந்த அறையில இருந்த பெருமையை எழுத்துல சொல்ல வரலை. 'சிந்து பைரவி'யில மிருதங்கக்காரரா வந்து அழவும் வச்சார்.

அக்கரை (சிவகங்கை மாவட்டம்)

போண்டா மணி பேரை யாரும் சொல்லலை. நான் சொல்றேன்.

இலங்கை மன்னாரில இருந்து வந்தவர். நாங்களும் மன்னார்தான். 1990ல படகுல வந்து அகதி முகாம்ல வளர்ந்த பிள்ளை நான். முகாம்ல பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை. சாயங்காலம் பதிவு எடுக்க அதிகாரிகள் வருவாங்க, வரிசையில நிக்கணும். அதெல்லாம் முடிஞ்சு டிவியைப் போட்டா, வடிவேலு கூட்டத்துல ஓரமா அவர் நிப்பார். எங்க அம்மா எட்டிப் பார்த்து, "எங்கட பெடியன்"ன்னு சொல்லுவா. அடி வாங்குற வேசம்தான் அவருக்கு நிறைய. எல்லாரும் சிரிப்பாங்க, நாங்களும் சிரிப்போம். ஆனா எங்களுக்கு அவர் அந்தத் திரைக்குள்ள நிக்கிறதே பெரிசு. இந்த நாட்டுச் சினிமாவில எங்க ஊர் ஆள் ஒருத்தருக்கு இடம் கிடைச்சிருக்கு.

ரெண்டு சிறுநீரகமும் போய் ரொம்பக் கஷ்டப்பட்டு, 2023 டிசம்பர் 23ல போயிட்டார். அம்மா அவருக்கு முன்னமே போய்ட்டா. இருந்திருந்தா அன்னிக்கு விளக்கு வச்சிருப்பா. நான் வச்சேன்.

தேவகோட்டை–சிங்கை (சிங்கப்பூர்)

அக்கரை அண்ணே, படிச்சேன்.

என் பங்குக்கு மதன் பாப். 2025 ஆகஸ்ட் 2ல போனார், 71 வயசு. இசைக்காரரா வாழ்க்கையை ஆரம்பிச்சவர்னு இங்க நிறையப் பேருக்குத் தெரியாது. எங்க ஊழியர் விடுதியில ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேரு. ஞாயித்துக்கிழமை 'அசத்தப் போவது யாரு' ஓடும். போட்டியாளர் சொன்ன சிரிப்பு பாதிப்பேருக்குப் புரியாது, வங்காளத் தம்பிகளும் கூட இருப்பாங்க. ஆனா நடுவர் இருக்கையில அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பிச்சா அறையே சிரிச்சுரும். அவன்களுக்கு மொழியே தேவைப்படலை. அந்தச் சிரிப்புல ஒரு தாளம் இருக்கும். இசைக்காரர் இல்லையா.

இன்னொண்ணும் கேட்கணும்னு இருந்தேன். ரோபோ சங்கர் இறுதி ஊர்வலத்துல அவர் மனைவி ஆடினதை இணையத்துல கண்டபடி பேசினாங்க. எனக்கு ரொம்ப வலிச்சுச்சு. ஊர்ல இருக்குறவங்க என்ன நினைக்கிறீங்க?

ஆர்மோனியப்பெட்டி (காரைக்குடி – புதுக்கோட்டைச் சாலை)

தம்பி, அந்தப் பிள்ளை ஆட்டக்கலைஞர். புருசனும் ஆடிப் பிழைச்சவர். ரெண்டு பேரும் சேர்ந்தே மேடையேறினவங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச மொழியில வழியனுப்பி வச்சாங்க. நான் முன்னால சொன்ன பபூனுக்கு மயானத்துல நாங்க என்ன செஞ்சோம்னு நினைக்கிறீங்க? கொரோனாக் காலம், பத்து பேருக்கு மேல கூடக்கூடாது. பெட்டியைத் தூக்கிட்டுப் போய் அவர் மேடைக்கு வர்றப்பப் பாடுற பாட்டைத்தான் வாசிச்சேன். பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரிஞ்சிருக்கும்னு யோசிக்கிற நிலைமையில நாங்க இல்லை. துக்கத்துல இருக்குறவங்களை யாரும் அளந்து பார்க்க வேண்டாம்.

புதுவயல் நெல்லு (புதுவயல்)

விட்டுப்போன பேருங்க, ஒரே மூச்சில: பாண்டு, 2021 மே 6, கொரோனா. நல்ல ஓவியர், எழுத்து வடிவமைச்சே பேர் வாங்கினவர். நெல்லை சிவா, அதே மே 11. மனோபாலா, 2023 மே 3, ரஜினியை வச்சு 'ஊர்க்காவலன்' இயக்கினவர். 'லொள்ளு சபா' சேஷு, 2024 மார்ச் 26. வடிவேல் பாலாஜி, 2020. வடிவேலு கூட்டத்துக் கிருஷ்ணமூர்த்தி, 2019. அல்வா வாசு, 2017. வசனத்தாலேயே நம்மளை உருட்டுன கிரேசி மோகன், 2019 ஜூன் 10. இவங்க ஒவ்வொருத்தருக்கும் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து எழுதணும். சேஷுவை நான் எடுத்துக்கிறேன், ராத்திரி எழுதுறேன்.

பொட்டல்காற்று (கோட்டையூர்)

மனோபாலாவை நான் எழுதுறேன். ஒல்லியான உடம்பை வச்சு அவரை எத்தனையோ படத்துல கேலி பண்ணினாங்க. அவர் அதைத் தானே முன்னால எடுத்துப் போட்டு நின்னார். உடம்பைச் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு சொன்னேனே, அந்த ஏழாம் வகுப்புப் பையன்கிட்ட இருபது படத்துக்கு மேல இயக்கினவர்னு அவரைப் பத்திச் சொன்னேன். "அந்த ஒல்லித் தாத்தாவா டீச்சர்?"னு நம்பாம கேட்டான். அவனுக்காகவே எழுதணும்.

இரண்டாங்கட்டு (காரைக்குடி)

ரெண்டு நாளா இந்த இழையை அப்பச்சிக்கு வாசிச்சுக் காட்டுறேன். முதல்ல, "ஆர்.எஸ்.சிவாஜி"ன்னு சொன்னேன். உதட்டைக் கூட்டிக் கூட்டி ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாக. 'சிவாஜி' தெளிவா வந்துச்சு. வாதம் வந்ததுக்கப்புறம் அவ்வளவு தெளிவா ஒரு சொல்லு அவுக வாயில இருந்து வந்து நான் கேட்கலை. அப்புறம் புதுவயல் தம்பி சொன்ன பேருகளை வரிசையா வாசிச்சேன். பாண்டுன்னதும் கையால அவர் மாதிரி ஒரு சைகை காட்டினாக. ஆத்தா அடுப்படியில இருந்து ஓடி வந்து பார்த்துட்டு அழுதுருச்சு.

ஆர்மோனியப்பெட்டி ஐயா எழுதின பபூன் கதையை வாசிச்சப்ப நிறுத்தச் சொன்னாக. "பேரு?"ன்னு கேட்டாக. அவர் பேரை நீங்க எழுதலை ஐயா.

ஆர்மோனியப்பெட்டி (காரைக்குடி – புதுக்கோட்டைச் சாலை)

குடும்பத்தைக் கேட்காம பொதுவில எழுத மனசு வரலை தம்பி. இன்னிக்குச் சாயங்காலம் அவர் மகன்கிட்டப் பேசினேன். சம்மதிச்சான். ஆனா இங்க எழுத வேண்டாம்னு ரெண்டு பேருக்கும் தோணுச்சு. மாசியில முதல் நாடகம் நம்ம பக்கத்துலதான். இப்ப வர்ற பபூன் இருபத்தாறு வயசுப் பையன், அவர்கிட்டத் தொழில் கத்தவன். அன்பளிப்புப் பேரு வாசிக்கிற நேரத்துல அவர் பேரை முதல்ல சொல்லி, அப்புறம் நீங்க எல்லாரும் எழுதின பேருகளை ஒண்ணு விடாமச் சொல்லச் சொல்லியிருக்கேன். சீட்டுல எழுதிக் கொடுத்துட்டேன். பபூன் வர்றப்பப் பத்தரை மணி ஆயிரும், அப்பச்சியால முழிச்சிருக்க முடியுமா?

இரண்டாங்கட்டு (காரைக்குடி)

முழிச்சிருப்பாக ஐயா. மேடைக்கு முன்னால, வலது பக்கமா, சக்கர நாற்காலி நிக்கிற அளவுக்கு இடம் விடச் சொல்லுங்க. வலது காது சரியாக் கேட்காது.